பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதே

ஜெய்ப்பூரின் செயற்கைக்கால் பட்டறையில் நான் வெகுநேரம் நின்றது அச்சு எடுக்கும் இடத்தில்தான். முழங்காலுக்குக் கீழே காலை இழந்த இளைஞர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரயில் விபத்து. மிஞ்சிய காலுக்கு மெல்லிய உறை மாட்டி, நனைத்த மாவுத்துணியைச் சுற்றினார் ஒரு பெரியவர். அது இறுகும்வரை முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்திருந்தார். உடல் பாரத்தை நன்றாகத் தாங்கும் இடம் அது.

இறுகிய கூட்டை உருவி, உள்ளே மாவுக்கரைசல் ஊற்றினால் காலின் அச்சு கிடைக்கும். ஆனால் அதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பாரம் தாங்கும் இடத்தை ராவிக் குறைக்கிறார். எலும்பு துருத்தும் இடத்தில், முக்கியமாக முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமுள்ள குமிழில், மாவு அப்பிக் கூட்டுகிறார். குறைத்த இடத்தில் செயற்கைக் காலின் கிண்ணம் கவ்விப் பிடிக்கும்; கூட்டிய இடத்தில் உரசாது. ராவுவார், தடவிப் பார்ப்பார், மறுபடி ராவுவார். இங்கே பிசகினால் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் புண் வந்துவிடும். அப்புறம் அந்தக் கால் பரணுக்குத்தான் போகும்.

தண்ணீர் கொண்டுபோகப் பயன்படும் எச்.டி.பி.இ. பைப்பை ஓவனில் குழைய வைத்து, இரண்டு பேர் சேர்ந்து அச்சின்மேல் இழுத்து மாட்டினார்கள். அதுதான் கிண்ணமாகிறது.

பாதம் தனியாக வருகிறது. குதிகாலிலும் முன்பாதத்திலும் மைக்ரோசெல்லுலார் ரப்பர், கணுக்காலில் மரக்கட்டை, சுற்றிலும் டயர் நூல் பதித்த ரப்பர், வெளியே தோல் நிற ரப்பர். எல்லாவற்றையும் அச்சில் அடைத்து வேகவைத்தால் ஒரே பாதமாகிவிடும். மேல்நாட்டுப் பாதம் பூட்ஸுக்குள் இருக்கச் செய்தது. அதை வைத்துக்கொண்டு குந்தி உட்காரவோ வெறுங்காலோடு வரப்பில் நடக்கவோ முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க, சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1968-ல் உருவாக்கியது இந்தப் பாதம். விபத்தில் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் மறுபடி பரதம் ஆடியதும் இந்தக் காலோடுதான். சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத சர்மாவின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. டி.ஆர். மேத்தா 1975-ல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற அமைப்பு இந்தக் கால்களை இலவசமாகவே பொருத்துகிறது.

கால் பூட்டியதும் இளைஞர் இரட்டைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெரியவரின் கண் அவர் தோளில் இருந்தது. ஒரு பக்கம் சாய்கிறது என்று திருகாணியைத் தளர்த்தி, பாதத்தைத் துளி வெளிப்பக்கம் திருப்பினார். மறுபடி நடக்கவிட்டார். பிறகு குந்தி உட்காரச் சொன்னார். இளைஞர் தயங்கி, கம்பியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். தானே எழுந்தும் நின்றார்.

போகும்போது பெரியவர் இந்தியில் சொன்னது எனக்கும் புரிந்தது. போகப்போகக் கால் வற்றும், கிண்ணம் லூசாகும். உடனே வந்துவிடு, மாற்றித் தருகிறோம். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதே.