பிணத்தைக் கூண்டில் ஏற்றியவர்கள்

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். இறப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்தால் நடுவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதிலேயே இதைக் கற்றுக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும், நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் நடத்திய ஒரு வழக்கில், கூண்டில் நின்ற ஒன்பது பேரை விட்டுவிட்டு, செத்துச் சாம்பலாகிவிட்ட ஒரு மனிதர்மீதுதான் விசாரணை நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

எண்பதுகளின் பிற்பாதி. வானம் பார்த்த பூமிகொண்ட ஒரு மாவட்டம். உடம்பில் வெண்குஷ்டம் இருந்த ஒருவர் இறந்தார்; அவர்கள் வழக்கப்படி புதைத்தார்கள். அதற்குப் பின் இரண்டு பருவம் மழை பொய்த்தது. வெண்குஷ்டக்காரரின் உடல் மண்ணுக்குள் இருந்தால் மழை பெய்யாது, தோண்டி எரிக்க வேண்டும் என்ற நம்பிக்கை அந்தப் பக்கத்தில் பழையது. ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்ததும் மனைவி மறுத்துவிட்டார். ஒரு நாள் இரவு குழி தோண்டப்பட்டது. ஏரிக்குள் வைத்து உடல் எரிக்கப்பட்டது. மறுநாள் மனைவி காவல் நிலையத்துக்குப் போனார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவில் வழக்குப் பதிவானது. அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய சின்ன வழக்கு. அதே விதி இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 301ஆம் பிரிவாக இருக்கிறது.

சின்ன வழக்குதான், ஆனால் அந்தப் பிரிவில் ஒரு முடிச்சு உண்டு. இடுகாட்டில் அத்துமீறினார்கள், பிணத்தை அவமதித்தார்கள் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. ஒருவருடைய மனத்தையோ மதத்தையோ புண்படுத்தும் எண்ணத்தோடு செய்தார்கள் என்று காட்ட வேண்டும். அல்லது புண்படக்கூடும் என்று தெரிந்தே செய்தார்கள் என்றாவது காட்ட வேண்டும். என் சீனியர் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், தரப்பு. அவருடைய வாதம் எளிமையானது: இவர்கள் எண்ணமெல்லாம் மழைமீது, யாரையும் புண்படுத்துவதற்காக ராத்திரியில் மண்வெட்டி தூக்கவில்லை. எண்ணம் இல்லை என்பது சரி, தெரிந்தே செய்தார்கள் என்ற இரண்டாம் பாதியை எப்படித் தாண்டுவது? அதற்கு அவர் ஒரு வழி பிடித்தார். ஊரார் இறந்தவரைப் பகையாக நினைக்கவில்லை, அவரையும் சேர்த்துக் காப்பாற்றத்தான் எரித்தார்கள் என்று காட்ட, ஊர்க் கோடாங்கியை எதிரித்தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார்.

கோடாங்கி நன்றாகத்தான் சொன்னார். "அவரு நல்ல மனுசனுங்க. மழையக் கட்டுனது அவரில்லைங்க. அவரு ஒடம்புக்குள்ள பூந்துக்கிட்டதுதான் கட்டுச்சு. அதத் தொரத்துனாத்தான் அவருக்கும் கதி."

அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பூந்துக்கிட்டது பேய் என்றால், எரிந்தது யார்?"

கோடாங்கி பதில் சொல்லவில்லை. நடுவர், சாட்சி மௌனமாக இருந்தார் என்று குறித்துக்கொண்டார். எனக்கு அந்தக் கேள்வி பல வருடம் விடாமல் கூடவே வந்தது. பின்னாளில் ஐரோப்பாவின் ரத்தக்காட்டேரி விவகாரங்களைத் தேடிப் படித்ததற்கு வேறு காரணம் கிடையாது. சினிமாவில் வரும் கறுப்பு அங்கிப் பிரபு எனக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பேச்சு ஐரோப்பாவெங்கும் பரவியது பெரும்பாலும் அரசாங்க அறிக்கைகளின் வழியாக என்று தெரிந்ததும், வக்கீல் புத்தி அதைப் பிடித்துக்கொண்டது.

1718இல் ஏற்பட்ட ஓர் உடன்படிக்கையால் வடக்கு செர்பியா துருக்கியர் கையிலிருந்து ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசுக்குப் போனது. 1725இல் அங்கே கிசிலியேவோ என்ற கிராமத்தில் பெதார் ப்ளாகோயெவிச் என்ற குடியானவர் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. எட்டு நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். தூக்கத்தில் அவர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று சாகும்போது சொன்னார்களாம். தன்னிடம் வந்து செருப்பைக் கேட்டார் என்று சொல்லிவிட்டு, அவர் மனைவி ஊரைவிட்டே போய்விட்டாள். குழியைத் திறக்க ஊரார் முடிவு செய்து, ஃப்ரோம்பால்ட் என்ற அரசு அதிகாரியைக் கூடவே வரச்சொன்னார்கள். பெல்கிரேடிலிருந்து மேலிட அனுமதி வரட்டும் என்றார் அவர். அனுமதி வருவதற்குள் ஊரே அழிந்துவிடும், துருக்கியர் காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது, நீங்கள் வராவிட்டால் நாங்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போகிறோம் என்று அவர்கள் மிரட்டினார்கள். அவர் போனார். உடல் கெடாமல் இருந்தது, வாயில் ரத்தம் இருந்தது என்று எழுதினார். ஊரார் கழுமரத்தை நெஞ்சில் இறக்கி எரித்தார்கள். அறிக்கையின் கடைசி வாக்கியத்தின் பொருளைத்தான் நான் மறப்பதில்லை: இதில் தவறேதும் இருந்தால் அது என்மேல் வராது, பயத்தில் நிலைதடுமாறிய கூட்டத்தைச் சேரும். உலகத்தில் எந்த ஊர் வருவாய்த்துறை அலுவலரும் அந்த வாக்கியத்தைப் படித்தால் தன் கையெழுத்து என்றே நினைப்பார்.

ஏழு ஆண்டு கழித்து மெத்வெஜா கிராமத்தில் நடந்ததற்கு ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் எழுதிய அறிக்கை இன்னும் ஒழுங்கானது. 1732 ஜனவரி தேதியிட்டது. சாட்சிக் கையெழுத்துகளோடு நம் ஊர் பார்வை மகஜர் போலவே இருக்கிறது. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்த அர்னால்ட் பவோலே என்பவரிடமிருந்து எல்லாம் தொடங்கியது என்பது ஊரார் வாக்குமூலம். மருத்துவர் குழிகளை வரிசையாகத் திறந்தார். யார், என்ன வயது, எப்போது இறந்தார், உடல் எப்படியிருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதினார். மட்கிய உடல்களைத் திரும்பப் புதைத்தார்கள். மட்காதவற்றின் தலையை வெட்டி, எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் கொட்டினார்கள். குற்றவாளியா நிரபராதியா என்பதை மண்ணின் ஈரமும் குளிரும் தீர்மானித்தன. உடலுக்குள் உண்டாகும் வாயு வயிற்றை உப்பவைக்கும், ரத்தத்தை வாய்க்குத் தள்ளும், மேல்தோல் உரிந்து புதுத்தோல் போலக் காட்டும், கழு இறங்கும்போது முனகல்போலக் கேட்கும். இன்று எந்தப் பிணக்கூறு மருத்துவரும் குறுக்கு விசாரணையில் இதையெல்லாம் ஒப்புக்கொள்வார்.

ஊராருக்குச் செத்த மனிதனே எதிரி. அவன் எழுந்து வந்தான், அவனைக் குத்து, எரி, அவ்வளவுதான். இதில் சாத்தான் எங்கிருந்து வந்தான்? அவனை உள்ளே கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள் என்பது என் ஊகம். காரணம் பயமில்லை, ஒரு சட்டச் சிக்கல். செத்தவரை எழுப்புவது கடவுளுக்கு மட்டுமே உரிய அதிகாரம் என்பது கிறிஸ்தவ இறையியல். எனவே செத்தவன் தானே எழுந்தான் என்று ஒப்புக்கொண்டால் கடவுளின் அதிகார எல்லையில் கை வைத்ததாகும். எழவே இல்லை என்றால், சத்தியம் செய்து சொல்லும் இத்தனை சாட்சிகளையும் பொய்யர் என்று தள்ள வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் ஒரே வழிதான்: உயிர் வரவில்லை, ஆனால் சாத்தான் வெற்றுடலை ஆட்டிவைக்கிறான். லியோ அலேஷியஸ் 1645இல் கிரேக்கத் தீவுகளின் நடக்கும் பிணமான வ்ரிகோலகாஸைப் பற்றி எழுதியபோதும், ஃபிலிப் ரோர் 1679இல் லைப்சிக்கில் குழிக்குள் பிணம் மெல்லும் சத்தத்தைப் பற்றி ஆய்வுரை எழுதியபோதும் இப்படித்தான் கணக்கை நேர்செய்தார்கள். நமக்கு இந்தச் சிரமம் இருந்ததில்லை. நம் கதைகளில் வேதாளம் பிணத்துக்குள் குடியிருப்பதை யாரும் யாருக்கும் விளக்கவேண்டி வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வூக் கராஜிச் செர்பிய மக்களின் சொற்களைத் தொகுத்தபோது, ரத்தக்காட்டேரி என்றால் இறந்து நாற்பதாம் நாள் பேய் ஆவி உள்ளே புகுந்த மனிதன் என்றே ஊராரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே எழுதிய தீர்ப்பு கீழே இறங்கிவந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது எப்போதுமே அப்படி ஒருவழிப் பாதையாக இருந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன்.

இதில் ஒரு சாட்சியப் பிரச்சினை எல்லோர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். உடல் மட்காமல் இருப்பது ரோமாபுரித் திருச்சபையில் புனிதத்தின் அடையாளம். கிழக்குத் திருச்சபையிலோ, சபை நீக்கம் செய்யப்பட்டவரின் உடல்தான் மட்காது என்ற நம்பிக்கை வலுவாக இருந்தது. ஒரே சான்றுப்பொருளை வைத்து ஒரு மன்றம் பீடத்தில் ஏற்றும், இன்னொரு மன்றம் தீயில் போடும். அப்படிப்பட்ட சான்றுப்பொருளைச் சீரான நீதிபதி யாரும் கையிலெடுக்கத் தயங்குவார்.

சாத்தானைக் கொண்டுவந்ததால் இறந்தவருக்கு விடுதலை கிடைத்திருக்க வேண்டும். குற்றம் அவருடையதில்லை, உள்ளே புகுந்தவனுடையது. ஒரே ஒருவர்தான் அந்தத் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோனார் என்று எனக்குப் படுகிறது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் 1196இல் ஒருவர் இறந்தபின் தன் மனைவிமேல் வந்து விழுந்து நெருக்கினார் என்று புகார். இப்படிப்பட்ட உடலை எரிப்பதுதான் வழக்கம் என்று ஆலோசகர்கள் சொன்னார்கள். லிங்கன் நகர ஆயர் ஹியூ அதை அநாகரிகம் என்று மறுத்து, பாவமன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தன் கையால் எழுதி, குழியைத் திறந்து இறந்தவரின் மார்பில் வைக்கச் சொன்னார். தொல்லை நின்றது என்று நியூபர்க் வில்லியம் எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் சாத்தான்மீது தீர்ப்பு எழுதி, தண்டனையைப் பிணத்தின்மீது நிறைவேற்றினார்கள். மொராவியாவில் ஷெர்ட்ஸ் என்ற வக்கீல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். சாட்சிகளை விசாரிக்க வேண்டும், உடலை முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று வற்புறுத்தும் போக்கு அந்தக் காலத்தில் இருந்தது. எனக்கு அவர்மேல் அனுதாபம் உண்டு. ஆனால் நடைமுறை நேர்த்தியாக இருந்ததால்தான் எரிப்பது கௌரவமாகவும் ஆனது.

1755இல் மொராவியா, சைலீசியா எல்லையில் ஹெர்மெர்ஸ்டார்ஃப் என்ற ஊரில், முந்தைய டிசம்பரில் இறந்த ஒரு பெண்ணின் உடலை ஜனவரியில் தோண்டினார்கள். சொந்தக்காரர்களையே கயிற்றில் கொக்கி மாட்டி, இடுகாட்டுச் சுவரில் போட்ட ஓட்டை வழியாக இழுக்கவைத்து, தலையை வெட்டி எரித்தார்கள். பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவர் வான் ஸ்வீட்டன் குளிர்காலத்தில் பிணம் மட்காததில் என்ன ஆச்சரியம் என்று எழுதினார். அந்த ஆண்டே பேரரசி ஆணை பிறப்பித்தார்: இப்படிப்பட்ட புகார்களில் பாதிரிமார் தாங்களாக எதுவும் செய்யக்கூடாது, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த ஆணையைவிட எனக்குப் பிடித்தது நான்கு நூற்றாண்டு மூத்தது. செர்பிய மன்னர் ஸ்டெஃபான் துஷானின் 1349ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 20ஆம் பிரிவு, சூனியத்தின் பேரில் மனிதர்களைக் குழியிலிருந்து தோண்டி எரித்தால் அந்தக் கிராமம் தண்டம் கட்ட வேண்டும், கூடப்போன பாதிரியின் பட்டம் பறிக்கப்படும் என்கிறது. சாத்தான் இருக்கிறானா, செத்தவன் நடந்தானா என்ற கேள்விக்கே அது போகவில்லை. குழியைத் தோண்டியவர் யார், அவ்வளவுதான் கேட்கிறது.

எங்கள் நடுவருக்குத் துஷானைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவரும் அந்த இடத்தில்தான் வந்து நின்றார். எதிரிகள் தரப்பே தாக்கல் செய்த ஓர் ஆவணம் அவருக்குக் கை கொடுத்தது. தோண்டுவதற்குப் பத்து நாள் முன்னால் அனுமதி கேட்டுத் தாசில்தாருக்கு ஊரார் மனு கொடுத்திருந்தார்கள். புதைத்த உடலைத் தோண்டியெடுக்க அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவில் நடுவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அது மரணத்தின் காரணத்தை விசாரிப்பதற்கு, மழைக்கு இல்லை. மனுவுக்குப் பதில் வரவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மக்கள் என்று காட்டவே என் சீனியர் அதைத் தாக்கல் செய்தார். அந்த மனுவின் கீழே, இறந்தவரின் மனைவி ஆட்சேபிக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் இரண்டு வரி எழுதியிருந்தார். ஆட்சேபணை தெரியும், அனுமதி தேவை என்பதும் தெரியும், தெரிந்தே இரவில் போனார்கள் என்று நடுவர் எழுதினார். கோடாங்கியின் சாட்சியத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு சொல்கூட இல்லை. ஒன்பது பேரில் நான்கு பேரைத்தான் அடையாளம் காட்ட முடிந்தது, ஏனென்றால் ஊரில் மற்ற சாட்சிகள் எல்லோரும் பிறழ்ந்துவிட்டார்கள். நால்வருக்கும் அபராதம், அதில் ஒரு பகுதியை மனைவிக்கு இழப்பீடாகக் கொடுக்க உத்தரவு.

மேல்முறையீடு செய்யலாம், வாதத்துக்கு இடமிருக்கிறது என்றார் என் சீனியர். நால்வரும் வேண்டாம் என்றார்கள். ஐப்பசியில் மழை பெய்திருந்தது. வழக்கமாகப் பெய்யும் மாதம்தான். அபராதத்தை அவர்கள் கையிலிருந்து கட்டவில்லை. ஊருக்காகச் செய்த காரியம் என்று ஊர்க்கூட்டம் போட்டு, கோயில் திருவிழாவுக்கு வசூலிப்பதுபோல வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுவிட்டார்கள். எந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. இழப்பீட்டை வாங்கக் கோர்ட்டுக்கு வந்த அந்தப் பெண், குமாஸ்தாவிடம் தன் பங்கு வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்களா, இல்லை முழுதாக வாங்கிக்கொண்டு போய்த் தானே ஊரில் கட்ட வேண்டுமா என்று கேட்டார். முழுதாகக் கொடுப்பார்கள் என்று குமாஸ்தா சொல்லி, பதிவேட்டில் அவருடைய கைநாட்டை வாங்கிக்கொண்டார்.