சாமனுக்கும் குடம்புளி சேரும்

ஸ்டவாங்கரில் மீனுக்குப் பஞ்சமே இல்லை. 'லக்ஸ்' என்று நார்வேக்காரர்கள் சொல்லும் சாமன் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும். பஞ்சம் நேரத்துக்குத்தான். ஐந்து மணிக்கு வீடு வந்தால் ஆறரைக்குப் பெண்ணுக்கு நீச்சல் வகுப்பு. அதற்குள் சமைத்து, சாப்பிட்டு, கிளம்ப வேண்டும்.

சாமனை நம்மூர்க் குழம்பில் போட்டால் சரிவராது. கொழுப்பு மீன். கொதிக்கக் கொதிக்க நெய் மேலே மிதக்கும், துண்டும் உதிரும். பெண் தொடவே மாட்டாள். அவளுக்கு வேண்டியது டெரியாக்கி. சோயா சாஸ், மிரின், சர்க்கரை மூன்றையும் சுண்டவைத்து மீன்மேல் பூசுவது. ('டெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் சுட்டது.) சாப்பிடட்டும், நல்லதுதானே என்று விட்டிருந்தேன்.

போன வருஷம் கரமனையிலிருந்து அம்மா மூன்று மாதம் வந்து இருந்தாள். ஆச்சிக்கு நார்வீஜியன் தெரியாது, பேத்திக்குத் தமிழ் பாதிதான். சாப்பாட்டு மேஜையிலும் இரண்டு மீன், இரண்டு வாசனை. அதுதான் எனக்கு உறுத்தியது.

நாங்கள் பூர்வீகத்தில் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். 1956ல் எல்லை பிரிவதற்கு முன்பே தாத்தா உத்தியோகத்துக்காகக் கரமனைக்கு வந்துவிட்டார். என் சின்ன வயதில் பூந்துறையிலிருந்து மீன்காரம்மா தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு வருவார். அக்ரஹாரத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் இடவழிக்கு வந்தபிறகுதான் "சாளையே..." என்ற குரல் எழும். அந்தச் சாளையை அம்மா குடம்புளி போட்டு 'வற்றிச்சு' வைப்பாள். குழம்பு என்று எதுவும் மிஞ்சாது. மசாலா மீனை அப்பிக்கொண்டு எண்ணெயில் மினுங்கும். யோசித்துப் பாருங்கள், டெரியாக்கி வேறென்ன?

சரி, செய்முறைக்கு வருவோம். நாலு பேருக்கு நாலு துண்டு, தோலோடு. மூன்று சுளை குடம்புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் போட்டுவிட்டு, அரிசியைக் குக்கரில் வையுங்கள். தேங்காய் எண்ணெயில் பொடியாக நறுக்கிய பத்துச் சின்ன உள்ளி, இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை. நன்றாக வதங்கியதும் தீயைக் குறைத்து காஷ்மீரி மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், மல்லித்தூள் ஒன்று, மஞ்சள், வெந்தயப்பொடி ஒரு சிட்டிகை. பிறகு புளித்தண்ணீர், உப்பு, ஒரு ஸ்பூன் வெல்லம். நம் வாளன்புளி கரைந்து தானே கெட்டியாகும். குடம்புளி கரையாது, புளிப்பை மட்டும்தான் விடும். அதனால் உள்ளியைக் கரண்டியால் மசித்துவிடுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

வேறு கல்லில் மீனைத் தோல் அடியில் இருக்கும்படி நாலு நிமிஷம். மசாலாவைக் கடைசியில்தான் மேலே பூச வேண்டும், முதலிலேயே பூசினால் வெல்லம் கருகிக் கசக்கும். மூடி போட்டு இன்னும் மூன்று நிமிஷம். மொத்தம் அரைமணி நேரம். (ஜன்னலைத் திறந்து வையுங்கள். கீழ்வீட்டுக்காரர்களும் மனிதர்கள்தானே.)

"மக்ளே, மீனுக்கு எவளாம் வெல்லம் போடுவாளா?" என்றாள் அம்மா. பெண்ணுக்கு வேறு புகார், காரம் அதிகமாம். ஆனால் இருவர் தட்டிலும் ஒரே மீன்.

இந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் மீன் சம்பந்தம் பழையது என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். நார்வே வெளிநாட்டு உதவி என்று முதன்முதலில் ஆரம்பித்ததே கொல்லம் பக்கத்து நீண்டகரை மீனவர்களுக்காகத்தான், 1952ல் ஒப்பந்தம். விசைப்படகும் ஐஸும் அப்படித்தான் அங்கே பெருகின. அம்மா காதில் வாங்கவில்லை. மசாலாச் சட்டியில் ஒரு கரண்டி சோற்றைப் போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி பக்கத்தில் நின்று, தன் பாதித் தமிழில், "ஆச்சி, எனக்கும்" என்றாள்.