எண்ணெய் பிரியாத குழம்பு

2022-இல் வந்த ‘தி மெனு’ படத்தை ரசித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் மைலோட் இயக்கியது. தனித் தீவில் ஓர் உணவகம், தலைக்கு 1,250 டாலர். தலைமைச் சமையல்காரராக ரேஃப் ஃபைன்ஸ். சாப்பிட வந்தவர்களை உயிரோடு அனுப்பும் எண்ணம் அவருக்கு இல்லை.

ரொட்டியே இல்லாமல், தொட்டுக்கொள்ளும் சாஸ்களை மட்டும் தட்டில் வைக்கிறார்கள். அதில் ஒன்று திரிந்திருப்பதை லிலியன் என்ற உணவு விமர்சகர் கண்டுபிடித்துச் சொல்கிறார். சற்று நேரத்தில் அந்தத் திரிந்த சாஸே பெரிய கிண்ணம் நிறைய அவர் முன் வருகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து மெக்சிகோ ரொட்டியான டார்ட்டியா. மேலே லேசரால் படம் பொறித்திருக்கிறார்கள். லிலியனின் ரொட்டியில் இருந்தவை, அவர் எழுதியதால் மூடப்பட்ட உணவகங்கள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன்.

நானும் ஒரு பத்திரிகையில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவன். ஒரு சிறிய கடையின் மீன் குழம்பைப் பற்றி, எண்ணெய் பிரியவில்லை, புளியின் பச்சை வாடை போகவில்லை, சமைத்தவருக்கு அடுப்பருகே நிற்கவே பொறுமையில்லை என்று எழுதினேன். அந்தக் கடைசி வரியைப் பலர் பாராட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. சில வாரம் கழித்து, அந்த மாஸ்டரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையைத்தானே எழுதினேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழம்பைப் பற்றி எழுதியது உண்மை. பொறுமையைப் பற்றி எழுதியது? அவரை நான் பார்த்ததுகூட இல்லை. இலையிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு மனிதரின் குணத்தை முடிவுகட்டியிருக்கிறேன். டிவி திரையில் அந்த ரொட்டி அப்படியே நின்றது. வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

மீதிப் படத்தை மறுநாள்தான் பார்த்தேன். ஆன்யா டெய்லர்-ஜாய் நடித்த மார்கோ, தனக்கு இன்னும் பசிக்கிறது, ஒரு சீஸ் பர்கர் வேண்டும் என்கிறாள். அந்தத் தலைமைச் சமையல்காரர் தன் கையாலேயே இறைச்சியைக் கல்லில் போட்டு அழுத்தி, வெங்காயம் வதக்கி, சீஸ் உருகும்வரை கூடவே நிற்கிறார். விலை 9.95 டாலர். பசிக்கிறது என்று கேட்டவளுக்குச் சமைக்கும்போது அவர் முகமே வேறாக இருக்கிறது. அவளை மட்டும் போகவிடுகிறார்.

அந்த வாரமே அந்த மீன் குழம்புக் கடைக்குப் போனேன். முதலாளிக்கு என்மேல் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “நீங்க எழுதினது சரிதான் சார். அன்னிக்குக் கூட வேலை பார்க்கற பையன் வரலை. கூட்டம் வேற. அவசரத்துல இறக்கிட்டாரு.”

நான் சாப்பிட்ட மேசையிலிருந்து அடுப்படி பத்தடி தூரம்கூட இருக்காது.

மாஸ்டரின் பெயரை அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊர்ப்பக்கம் கல்யாணச் சமையலுக்குப் போகிறாராம்; போன் நம்பர் இல்லை என்றார் முதலாளி. அவருடன் வேலை பார்த்தவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.