கந்தகச் சிறகு
(இங்கிலாந்துப் பயணம் – 7)

சென்ற வாரப் பகுதியை ஈலி தேவாலயத்தின் எண்கோணக் கோபுரத்தடியில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து காரில் இருபது நிமிடம் போனால் விக்கன் ஃபென். கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் பரந்து கிடந்த சதுப்பு நிலத்தை, வடிகால் வெட்டி வயலாக்கியது போக மிஞ்சிய துண்டு. 1899இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை இங்கே இரண்டு ஏக்கர் வாங்கி, அதிலிருந்து காக்கத் தொடங்கியது.

நான் போனது மார்ச் கடைசி வாரம். இரண்டு நாள் மழைக்குப் பின் அன்று காலையில்தான் வெயில் எட்டிப் பார்த்தது. "மாமா, இன்னிக்குக் கெளம்பலேன்னா அடுத்த வெயில் எப்பன்னு சொல்ல முடியாது" என்று அக்கா மகள்தான் விரட்டினாள்.

நம்மூரில் பட்டாம்பூச்சி இல்லாத மாதம் கிடையாது. அதனால் வருடத்தின் முதல் பட்டாம்பூச்சியைப் பார்க்க மனிதர்கள் காத்திருப்பார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. இங்கே குளிர்காலம் முழுவதும் தோட்டத்தில் ஒரு சிறகு அசையாது. நான்கு மாதம் அப்படி இருந்து பார்த்தால்தான் அந்தக் காத்திருப்பு புரிகிறது. எனக்குப் புரிந்துவிட்டது.

மரப்பலகை பாவிய நடைபாதையில் நடந்தேன். இருபுறமும் போன வருட நாணல், வைக்கோல் நிறத்தில். காலையில் வெப்பம் 9 டிகிரி. பதினோரு மணி வரை ஒன்றுமில்லை. பன்னிரண்டை நெருங்கும்போது 14 டிகிரி ஆனது, காற்றும் அடங்கியது. புதரோரம் ஒரு மஞ்சள் போயிற்று. எலுமிச்சையைவிட அழுத்தமான, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். பதற்றமில்லாமல், வேலியோரம் எதையோ தேடிக்கொண்டு போவதுபோல் பறந்தது. பிரிம்ஸ்டோன். பழைய ஆங்கிலத்தில் கந்தகத்துக்கு அதுதான் பெயர். நான் வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். எதிரே வந்த ஒரு மூதாட்டி நின்று, "இந்த வருடம் உங்களுக்கு முதலாவதா?" என்று கேட்டார்.

பணி ஓய்வுக்குப் பிறகு பட்டாம்பூச்சி கணக்கெடுப்பவர் அவர். பிரிட்டனில் 1976 முதல் நடக்கும் கணக்கெடுப்பு அது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, 26 வாரம், வாரம் ஒருமுறை அதே பாதையில் நடந்து, ஐந்து மீட்டர் அகலத்துக்குள் தெரிவதை மட்டும் எண்ண வேண்டும். வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் எண்ணக் கூடாது. அப்படியானால் மார்ச்சில் பார்ப்பது? "இது கணக்கில் சேராது. இது எனக்காக" என்றார்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் இந்தப் பயணத்தில் மறக்க மாட்டேன். வசந்தத்தின் முதல் பட்டாம்பூச்சி என்று நாம் கொண்டாடுவது புதிதாகப் பிறந்த உயிரே அல்ல. போன கோடையில் கூட்டிலிருந்து வெளிவந்தது. இலையுதிர் காலத்தில் வயிறு நிறையத் தேன் குடித்து, ஐவி என்னும் ஏறுகொடியின் இலைகளுக்குள் புகுந்து சிறகை மூடிக்கொண்டது. மூடிய சிறகின் வடிவமும் நரம்பும் அப்படியே இலை. பனியிலும் உறைபனியிலும் அப்படியே தொங்கி, எட்டு மாத வயதில் இன்று வெளியே வந்திருக்கிறது. பத்து பதினோரு மாதம் வாழும் பட்டாம்பூச்சி இந்த நாட்டில் அரிது. பீகாக், கம்மா, ஸ்மால் டார்ட்டாய்ஸ்ஷெல் போன்றவையும் இப்படிச் சிறகோடு குளிரைக் கடப்பவை. சிறகு நுனியில் ஆரஞ்சு பூசிய ஆரஞ்சு டிப் என்னும் பட்டாம்பூச்சியோ கூட்டுப்புழுவாகவே குளிரைக் கழித்துவிட்டு, ஏப்ரலில்தான் வரும். வசந்தத்தில் உண்மையாகவே புதிதாய்ப் பிறப்பது அதுதான்.

எங்கள் முன் பறந்தவை எல்லாம் ஆண்கள். பெண் பிரிம்ஸ்டோன் வெளிறிய பச்சை. சற்றுப் பிந்தி வரும். வந்ததும் பக்தார்ன் புதரைத் தேடிப்பிடித்து, விரியும் துளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். அதன் புழு தின்பது பக்தார்னும் ஆல்டர் பக்தார்னும்தான். விக்கனில் இரண்டும் மண்டிக் கிடப்பதால்தான் இங்கே இத்தனை மஞ்சள். இந்த ஆல்டர் பக்தார்னைச் சுட்ட கரியைத்தான் வெடிமருந்துக்கு உயர்ந்தது என்று ஒரு காலத்தில் தேடி வாங்கினார்கள். வெடிமருந்தில் கரியோடு சேருவது கந்தகம். கந்தகப் பெயர் கொண்ட பூச்சி அந்த மரத்தையே தின்று வளர்கிறது!

செடி போனால் பூச்சியும் போகும் என்பதற்கும் விக்கனே சாட்சி. ஸ்வாலோடெயில் என்னும் பெரிய அழகி இங்கே பறந்துகொண்டிருந்தது. நிலம் உலர்ந்து, அதன் புழு தின்னும் மில்க் பார்ஸ்லி குறைந்து, 1950களில் மறைந்தது. திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. இன்று பிரிட்டனில் அதைப் பார்க்க நார்ஃபோக் போக வேண்டும்.

மூன்று மணிக்கு வெயில் மங்கியது. மஞ்சள் அத்தனையும் புதருக்குள் போய்விட்டன. எண்ணியவரை பதினொன்று. ஒரே பூச்சியை இரண்டு முறை எண்ணியிருக்கலாம்.

திரும்பும் வழியில் மனம் ஜனவரிக்குப் போனது. அக்கா வீட்டு மாடி அறையில் ஒரு டார்ட்டாய்ஸ்ஷெல் ஜன்னலில் மோதிக்கொண்டிருந்தது. பாவம் என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் இறந்து கிடந்தது. அறையின் சூடுதான் அதை எழுப்பியது. குளிருக்கென்று சேர்த்து வைத்திருந்த கொழுப்பை அந்தச் சூட்டில் பறந்தே தீர்த்துவிட்டது. அன்பால் செய்த கொலை அது. இன்றும் உறுத்துகிறது.

குளிர் நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பரிலோ ஜனவரியிலோ வீட்டுக்குள் பட்டாம்பூச்சியைக் கண்டால், காற்றுப்போகும் அட்டைப்பெட்டியில் மெல்ல இட்டுக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அது அடங்கியதும் சூடேற்றாத கொட்டகையிலோ கராஜிலோ இருட்டான மூலையில் விட்டுவிடுங்கள். மார்ச்சில் அது வெளியேற ஓர் இடுக்கு மட்டும் திறந்திருக்கட்டும்.