பெயருக்கு ஒரு விலை

மணநாளின் இருபதாம் ஆண்டில் பிரான்சின் போன் நகரில் ஒரு புட்டி பர்கண்டி ஒயின் வாங்கச் சென்றிருந்தோம். இருவரும் கல்லூரி ஆசிரியர்கள். இவ்வளவு தூரம் வந்தபின் பெரும்பெயர் ஒன்றையே வாங்குவோம் என்றது ஒரு மனம். மகளின் கல்விக் கட்டணத்தை நினைத்தது மற்றொன்று. விலைச்சீட்டுகளைக் கண்டு இருவருமே மௌனமானோம்.

பர்கண்டியில் திராட்சை பெரும்பாலும் இரண்டே: சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே. விலையை ஏற்றுவது நிலத்தின் பெயர். நான்கு படிகளுள் உச்சியில் நிற்பவை 33 கிராண்ட் குரூக்கள். அவற்றுள் ஒன்றான ரொமானே கோந்தி இரண்டு ஹெக்டேர்கூட இல்லை, எங்ஙனம் மலிவாகும்?

கடைக்காரர் வரைபடத்தில் விரலைத் தெற்கே நகர்த்தினார். கோட் ஷலோனேஸின் மெர்க்யூரே, ஜிவ்ரி, ரூயி. அதற்கும் தெற்கே மாக்கோனேயின் சேன் வெரான். அன்றேல், தேர்ந்த கைகள் வடித்த எளிய 'பூர்கோஞ்'. நிலத்தின் பெயரைவிட வடித்தவர் பெயரைப் பாருங்கள் என்றார்.

ஜிவ்ரி ஒன்றை வாங்கி, விடுதி அறையின் தண்ணீர்க் குவளைகளில் ஊற்றி அருந்தினோம். செர்ரியும் ஈரமண்ணும் மணந்தன. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். நாவால் அறிந்தது அன்றுதான்.

மறுநாள், மிச்சப் பணத்தில், ரூயி ஒன்றும் வாங்கினோம்.