சொல்லாமற் சென்றவர்கள்

போரிலே உயிர் நீத்த வீரனுக்கு நடுகல் நாட்டுவது தமிழர் பண்டை மரபு. கல்லிலே அவன் பெயரையும் பீட்டையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டனர் என்பதைச் சங்கச் செய்யுட்களிற் காண்கிறோம். வாளேந்தி நின்றவனுக்கு அந்தச் சிறப்பு உரியதே. ஆனால், பகைவனுடைய ஊரிலே மாறுவேடத்துடன் உலவிச் செய்தி அறிந்து வந்தானே, அந்த ஒற்றனுக்கு என்ன கல் நாட்டினோம்? தேடிப் பார்த்தால் அவன் பெயர்கூட நமக்குக் கிடைப்பதில்லை.

இந்த வினாவை எனக்குள் எழுப்பியவன் ஒரு மாணவன். எங்கள் கல்லூரியில், பாடத்திட்டத்துக்கு வெளியேயும் திருக்குறளை அதிகாரம் அதிகாரமாகப் படிக்கும் ஒரு சிறு வகுப்பை நடத்தி வருகிறேன். மழை விடாது பெய்த ஒரு பிற்பகலில் ‘ஒற்றாடல்’ என்னும் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தோம். அதன் கடைசிக் குறளிலே வள்ளுவர் அரசனுக்கு ஓர் எச்சரிக்கை விடுக்கிறார். ஒற்றனுக்குப் பிறர் அறியும்படி சிறப்புச் செய்யாதே. செய்தால், மறைத்து வைத்த செய்தியை நீயே வெளிப்படுத்தியவன் ஆவாய் என்பது அதன் கருத்து. விளக்கி முடித்ததும், பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். “அப்ப அவனுக்கு எப்ப சேர் நன்றி சொல்றது?” என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருக்கும்போது நன்றி சொல்வது இயலாதென்றால், இறந்த பின்னராவது சொல்லத்தானே வேண்டும்? இப்படிக் கடன்பட்டவர்களுள் நம் இலங்கைத் தீவும் ஒன்று. அந்தக் கடனின் ஒரு பகுதி நமது மலைநாட்டைச் சுற்றியே இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். யப்பானியக் கடற்படையின் இரகசியச் செய்திகளை ஒட்டுக் கேட்டு அவற்றின் குறிகளை உடைப்பதற்கென்று பிரித்தானியர் தூரகிழக்கிலே ஒரு நிலையம் வைத்திருந்தனர். அது ஹொங்கொங்கிலே தொடங்கிப் பின்னர் சிங்கப்பூருக்கு மாறியது. சிங்கப்பூர் வீழ்வதற்குச் சற்று முன், 1942 ஜனவரியிலே கொழும்புக்கு வந்து சேர்ந்தது. பெம்புரோக் என்ற பெயருடைய ஒரு பாடசாலைக் கட்டிடமே அதற்கு இருப்பிடமாயிற்று. பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்த அறைகளிலே, அறிஞர்களும் கடற்படையினரும் பகைவனுடைய எழுத்துக்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கினர்.

அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் அவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்தது. யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்க வருகின்றன. ஏப்பிரில் முதலாந் தேதியளவில் தாக்குதல் நிகழலாம் என்பதே அது. பிரித்தானியக் கப்பற்படை கடலிலே காத்து நின்றது. குறித்த நாளில் எதுவும் நடக்கவில்லை. தண்ணீரும் எண்ணெயும் குறைந்தமையால் கப்பல்கள் மாலைதீவின் தென்கோடிக்குத் திரும்பின. செய்தி மெய்யே, நாள்தான் பிசகியிருந்தது. ஏப்பிரில் 4ஆந் தேதி மாலை, காலியை அடுத்த கொக்கலையிலிருந்து சென்ற ஓர் ஆகாய விமானம் பகைவர் கப்பல்களைக் கண்டுவிட்டது. அதன் தலைவர் கனடா நாட்டவரான லெனார்ட் பேர்ச்சல். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் அவர் குழுவினர் கொழும்புக்குச் செய்தி அனுப்பிவிட்டனர். விமானத்தில் இருந்த ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். மற்றவர்கள் யுத்தம் முடியும்வரை யப்பானியச் சிறையிலே வாடினர்.

மறுநாள், 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறு. குண்டு மழை பொழிந்தபோது கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிற் பல முன்னரே அகற்றப்பட்டிருந்தன. ஆயினும் அன்று கடலிலே கோர்ன்வால், டோர்செற்சயர் என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. 424 பேர் உயிரிழந்தனர். முன்னறிவிப்பு இல்லாதிருந்தால் அழிவு இதனிலும் எத்தனை மடங்கு பெருகியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்க வேண்டும் என்று வள்ளுவர் சொன்னதன் பொருள் இங்கே நன்கு விளங்கும். காகிதத்திலே குறிகளை உடைத்தவர் ஓர் ஒற்றர். வானத்திலிருந்து கண்ணாற் கண்டவர் மற்றோர் ஒற்றர். பேர்ச்சலை ‘இலங்கையின் மீட்பர்’ என்று உலகம் புகழ்ந்தது. 2004இலே அவர் இறந்தபோதும் அந்தப் பட்டம் நினைக்கப்பட்டது. பாடசாலை அறையிலே இருந்தவர்களுக்கோ பட்டம் ஏதும் இல்லை.

தாக்குதலுக்குப் பின் அந்நிலையம் ஆபிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாவுக்குச் சென்றது. அங்கும் அதற்குக் கிடைத்தது ஒரு பாடசாலைதான்! 1943 செப்டெம்பரில் மீண்டும் கொழும்புக்கு வந்து, அண்டர்சன் கோல்ப் மைதானத்திலே நிலைகொண்டது. அங்கே காதிலே கருவியை மாட்டிக்கொண்டு இரவு பகலாகச் செய்தி கேட்டவர்களிற் பலர் இளம் பெண்கள். தமக்குப் பொருள் விளங்காத யப்பானிய மொழியின் தந்திக் குறிகளை ஒன்றுகூடத் தவறாமல் எழுதுவது அவர்கள் தொழில். ஒரு குறி பிசகினால் ஒரு கப்பலே பிசகிவிடலாம் அல்லவா?

1944 ஏப்பிரிலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியத் தலைமைப்பீடத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க உளவுத்துறையின் ஒரு பிரிவு கண்டிக்கு அருகே ஒரு பழைய தேயிலைத் தோட்டத்தில் அமர்ந்தது. கிடுகு வேய்ந்த கொட்டில்களே அதன் காரியாலயம். அதன் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர் கோரா டு புவா என்னும் மானிடவியற் பேராசிரியை. யுத்தத்துக்குப் பின் கலாசாலைக்கே திரும்பி ஹார்வர்ட்டிலே கற்பித்தார், ஒரிசாவின் புவனேசுவரத்திலே பல்லாண்டுகள் ஆய்வு செய்தார், 1991இலே காலமானார். இரகசியக் கோப்புகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்திக் காத்தவர் யூலியா மக்வில்லியம்ஸ். யூலியா சைல்ட் என்ற பெயரிலே பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் கற்பித்துப் புகழ்பெற்ற அம்மையார் இவரே. இவர் 2004இலே இறந்தார். இவரது உளவுத்துறைக் கோப்பு பொதுமக்கள் பார்வைக்கு வந்ததோ 2008இலே.

இலங்கையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலேறி மலாயாவுக்குச் சென்ற உளவாளிகளும் இருந்தனர். அந்த இயக்கத்தின் முதன்மையானோருள் ஒருவர் லிம் போ செங் என்னும் சீன வணிகர். 1944இலே பேராக் மாநிலத்தில் யப்பானியரிடம் அகப்பட்டார். சித்திரவதைக்கு உள்ளாகியும் தோழர் எவரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அவ்வாண்டு யூன் 29ஆந் தேதி பத்து காஜா சிறையிலே உயிர் நீத்தார். சரியாகப் பத்தாண்டுகள் கழிந்து, 1954இல் அதே நாளில், சிங்கப்பூர்க் கடற்கரையிலே அவருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதிலே அவர் வரலாறு நான்கு மொழிகளிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று நம் தமிழ்.

எதிர்ப்பக்கத்திலும் இத்தகையோர் இருந்தனர் என்பதை மறத்தல் நீதியன்று. இந்திய விடுதலைக்காகப் பினாங்கிலே பயிற்சி பெற்று, 1942இலே யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து பிடிபட்ட வக்கம் அப்துல் காதரும் தோழர் சிலரும் 1943 செப்டெம்பர் 10ஆந் தேதி சென்னைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டனர். காதருக்கு வயது 26. ஒரு கொடியின் கீழ் ஒற்றன். மறு கொடியின் கீழ்த் தியாகி. ஆனால், வாய் திறவாமல் இறக்கத் துணிந்த நெஞ்சுரம் இரு பக்கத்துக்கும் பொதுவாகவே இருந்தது.

‘உளவு என்ற சொல்லே நம் வீடுகளில் ஆகாத சொல் ஆயிற்றே; அதைப் போய்ப் போற்றுவதா?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உள்நாட்டு யுத்தக் காலத்திலே, நள்ளிரவில் லயத்துக் கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சி வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. யாரோ ஒருவன் போட்ட ஒரு மொட்டைக் கடிதத்தால் மகனைச் சிறைக்குக் கொடுத்த தாய்மாரும் உண்டு. அவர்களிடம் சென்று ஒற்றன் பெருமை பேச எனக்கு நா எழாது. ஆனால் கோள் சொல்பவன் வேறு, ஒற்றன் வேறு. வள்ளுவர் புறங்கூறுதலைக் கடிந்து ஓர் அதிகாரமே பாடியவர். ஒற்றாடலை அதனோடு சேர்க்கவில்லை. மூன்று ஒற்றர் ஒருவரையொருவர் அறியாமற் கொணர்ந்த செய்தி ஒத்திருந்தாலன்றி நம்பாதே என்று அரசனை அவர் தடுத்தார். மெய்யைத் தேடும் அந்தக் கட்டுப்பாடு இருக்கும்வரை உளவு நாட்டைக் காக்கும். அது கைவிடப்பட்ட நாளிலே உளவு குடிகளை வருத்தும் கொடுமையாகிவிடும். நல்ல ஒற்றரை நாம் நினைவுகூர வேண்டுவது இந்த வேறுபாட்டை மறவாதிருப்பதற்காகவுந்தான்.

இனி நம் மக்களின் பங்குக்கு வருவோம். நான் பிறந்த தோட்டத்திலே முதியவர் ஒருவர் இருந்தார். இளமையிலே, துரை அனுப்பியபடி, பேராதனைப் பட்டாள முகாமுக்குக் கொட்டில் கட்டும் வேலைக்குப் போனவர். நான் பாடசாலை மாணவனாயிருந்தபோது ஒரு நாள் அதைப் பற்றிச் சொன்னார்: “உள்ளுக்குப் போகக் கூடாது தம்பி. கிடுகு மேயிறதோட நம்ம வேலை முடிஞ்சிச்சு. ராவும் பகலும் வெள்ளைக்காரப் பொண்ணுங்க டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். என்னா அடிக்கிறாங்கன்னு நாமளும் கேக்கல. நம்மளையும் யாரும் ஒண்ணும் கேக்கல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மறக்கவில்லை. உள்ளே தட்டச்சு அடித்த பெண்கள் சொல்லக்கூடாது என்ற ஆணைக்குக் கட்டுப்பட்டு மௌனமாயிருந்தனர். யுத்தக்காலக் குறி உடைப்பைப் பற்றிப் பேச 1974இலேதான் பிரித்தானியாவிலே வழி பிறந்தது. அதற்குள் எத்தனையோ பெற்றோர், தம் மகள் கொழும்பிலே என்ன செய்தாள் என்று அறியாமலே கண்மூடினர். 2009இலே அந்நாட்டு அரசு, உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் அளித்தது. தாமதமாயினும் நன்றி வந்து சேர்ந்தது.

வெளியே கிடுகு வேய்ந்தவனுக்கு எந்த ஆணையும் இல்லை. ஆனால் அவனைக் கேட்பார் இல்லை. 1948இலே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தோட்டத்து முதியோர் பலர் கப்பலேறி இந்தியா சேர்ந்து, நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறினர். தாம் கண்டதையும் கேட்டதையும் அவர்கள் தம்முடனேயே கொண்டு சென்றனர். அவர்களுக்காகத் திறக்கப்பட வேண்டிய கோப்பு எந்தச் சுவடிச்சாலையிலும் இல்லை.

கண்டி நகரிலே, யுத்தத்தில் இறந்தோருக்கான மயானம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 200 கல்லறைகள். ஆங்கிலேயர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் புல்வெளியிலே அருகருகே துயில்கின்றனர். மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். கல்லிலே பெயர் உள்ளவர்களைப் படித்தபின், கல்லிலே பெயர் இல்லாதவர்களையும் நினைக்கும்படி அவர்களிடம் சொல்வேன். வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. வீட்டிலுள்ள மிக முதியவரிடம், அவர் தம் மூத்தோர் யுத்தக்காலத்திலே எங்கே இருந்தனர், என்ன வேலை செய்தனர் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வர வேண்டும்.

இவ்வாறு சேர்ந்த பக்கங்கள் ஒரு தடித்த கொப்பியாகிவிட்டன. ஒரு மாணவியின் பாட்டனாருடைய தந்தை பட்டாளத்துக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிய கதை அதில் இருக்கிறது. குண்டு விழுந்த மறுநாள் கொழும்பிலிருந்து கால்நடையாக மலையேறி வந்த ஒரு குடும்பத்தின் கதையும் இருக்கிறது. அவை பெருஞ் சரித்திரம் அல்ல. ஆனாலும் கேட்டதனாற் கிடைத்தவை. இதைப் படிக்கும் அன்பர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை, உணவு முடிந்து எல்லாரும் ஒன்றாயிருக்கும் வேளையிலே, வீட்டு முதியவரிடம் இக்கேள்வியைக் கேட்பார்களாயின் நன்று. பதிலைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும்; பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிட வேண்டாம்.