விசைப்பலகைக்குள் ஓர் ஒலிக்கூடம்

1989ஆம் ஆண்டு ஏ.ஆர்.ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தையொட்டி ஒலிப்பதிவுக்கூடம் கண்டார். 1992இல் 'ரோஜா' வெளிவந்தது. அம்பத்தூரில் எம் சிற்றில்லத்திற்கு அத்தகு வசதி ஏது? தம்பி வாங்கிய யமஹா மோடெக்ஸ் சிந்தசைசர் ஒன்றே உண்டு. எனினும், ஒற்றை யுஎஸ்பி வடத்தால் கணினியோடு பிணைத்தால், அதுவே ஒலியை எண்களாக்கி அனுப்பும் இடைமுகமாகிவிடுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள்! தனிக்கருவிச் செலவு மிச்சம். பின்புறத் துளையில் டைனமிக் ஒலிவாங்கியைச் செருகலாம். 48 வோல்ட் வேண்டும் கண்டென்சர் வகைக்கு அது மின்சாரம் தராது.

ஆவடி மின்தொடர்வண்டிகள் ஓடத் தொடங்குமுன், வைகறையிலேயே பதிவு. எண்பதை எட்டிய அன்னையாரின் தாலாட்டு எந்நூலிலும் ஏறாதது. இரண்டாம் அடியில் இருமல் குறுக்கிட்டது. தம்பி அதனை அழிக்க முனைந்தான். "இருக்கட்டும்" என்றேன்.